புழக்கடையில் வெளி அடுப்படி: 3 லட்சத்துக்குள் முடியுமா?

கேள்வி: உடுமலைப்பேட்டை அருகே கிராமத்தில் கிழக்குப் பார்த்த வீடு எங்களுடையது. பின்புறம், அதாவது மேற்கே, 30 அடிக்கு 25 அடி காலி இடம் இருக்கிறது. அதற்கு அப்பால் கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. அந்த இடத்தில் ஒரு வெளிச் சமையலறை கட்ட வேண்டும் என்பது என் பல வருட ஆசை. மீன் கழுவுவது, முறுக்குச் சுடுவது, வெந்நீர் போடுவது எல்லாம் வெளியே போய்விட்டால் வீடு வீடாக இருக்கும். மாமியாருக்கு 74 வயது. விறகடுப்பில் சமைத்தால்தான் அவருக்குத் திருப்தி. வெளிநாட்டில் இருக்கும் மகன், வருகிறபோது பயன்படும் என்று பீட்சா அடுப்பும் பார்பிக்யூவும் வேண்டும் என்கிறான். பொங்கலுக்கும் நோம்பிக்கும் 30 பேர் கூடுவார்கள். ஒப்பந்தக்காரர் 200 சதுர அடி, சதுர அடிக்கு 2,400 ரூபாய், மொத்தம் 4,80,000 என்கிறார். அடுப்பு அக்னி மூலையில் வர வேண்டும் என்கிறார். என் கையில் இருப்பது 3 லட்சம். மீதிக்கு நகைக் கடன் வாங்கலாமா? எதைக் குறைப்பது, எதைக் குறைக்கக் கூடாது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நகையைப் பற்றி. வைக்க வேண்டாம். உங்கள் தேவைக்கு 3 லட்சம் போதும், கொஞ்சம் மிச்சமும் நிற்கும். வெளி அடுப்படி வீட்டுக்கு வசதி சேர்க்கும், வருமானம் சேர்க்காது. அதற்கு வட்டி கட்ட ஆரம்பித்தால், முறுக்குப் பிழிகிற ஒவ்வொரு நாளும் அந்த வட்டிதான் நினைவுக்கு வரும்.

ஒப்பந்தக்காரர் சொன்ன தொகை ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்ப்போம். சதுர அடிக்கு இவ்வளவு என்பது வீடு கட்டுகிறவர்களின் கணக்கு. அந்த விலைக்குள் நான்கு பக்கச் சுவர், கான்கிரீட் கூரை, கதவு, ஜன்னல், கழிப்பறை, பூச்சு, வர்ணம் எல்லாம் அடங்கியிருக்கும். நீங்கள் கேட்பது மூன்று பக்கம் திறந்த ஒரு கொட்டகை, ஒரு தளம், ஒரு மேடை, ஓர் அடுப்பு. இதற்கு வீட்டு விலையைப் போடுவது நியாயமில்லை. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. சிறிய வேலைக்கு உட்கார்ந்து அளவு எடுக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஆகவே தெரிந்த ஒரு விலையால் பெருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது அளவு வாரியான மதிப்பீடு: எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை அடி குழாய், கூரை எத்தனை சதுர அடி, கூலி எவ்வளவு. விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். அளவு மாறாது. அளவு கையில் இருந்தால் இரண்டு பேரிடம் விலை கேட்டு ஒப்பிட முடியும்.

அளவுக்குப் போகும் முன், யார் எத்தனை நாள் அங்கே நிற்கப் போகிறார்கள் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. தினமும் அங்கே புழங்கப் போவது நீங்களும் மாமியாரும். 30 பேர் வருவது வருடத்தில் சில நாள். மகன் வருவது அதைவிடக் குறைவு. செலவு தினசரிப் புழக்கத்தைப் பின்பற்ற வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், வெளி அடுப்படி என்றதும் எல்லோரும் விருந்து நாளை நினைத்தே திட்டமிடுகிறார்கள். மீன் அலசுகிற குழாய் எங்கே வரும் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

விருந்துக்கு நீங்கள் நினைக்கிற அளவுக்கு இடமும் வேண்டாம். தலைக்கு 100 கிராம் அரிசி என்றால் 30 பேர் பிரியாணிக்கு 3 கிலோ அரிசி. 20 லிட்டர் பாத்திரம் ஒன்று போதும். அதற்குத் தேவை தாழ்வான, உறுதியான ஓர் அடுப்பு. சாதாரணச் சமையல் மேடை 33 அங்குல உயரம். அதன்மேல் அடுப்பு, அதன்மேல் ஒரு முழ உயரப் பாத்திரம் என்றால் கரண்டியைத் தோளுக்கு மேலே தூக்கிக் கிளற வேண்டியிருக்கும், கொதிப்பது முகத்தில் தெறிக்கும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தாழ்ந்த மேடை இருந்தால் பெரிய பாத்திரமும் அதில் ஏறும். மாமியாரும் முக்காலி போட்டு உட்கார்ந்து சமைக்கலாம், குந்த வேண்டியதில்லை. 74 வயது முழங்காலுக்கு இந்த ஒன்றரை அடி பெரிய உதவி.

ஆகவே 200 சதுர அடி வேண்டாம். வடக்கு தெற்காக 15 அடி, கிழக்கு மேற்காக 10 அடி, மொத்தம் 150 சதுர அடி போதும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தளம் 150 என்றால் கூரை 150 இல்லை. சாரல் அடிக்காமலிருக்க நான்கு பக்கமும் ஒன்றரை அடி நீட்டினால் 18க்கு 13, அதாவது 234 சதுர அடி. மங்களூர் ஓடு போட வேண்டுமானால் சரிவு அதிகம் வேண்டும். 30 பாகை சரிவில் அதே கூரை 270 சதுர அடி ஆகிவிடும். சதுர அடி விலை பேசும்போது எந்தச் சதுர அடி என்று கேளுங்கள். பாதிச் சண்டைகள் இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வருகின்றன.

இனி இடம். அக்னி மூலை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் புழக்கடை வீட்டுக்கு மேற்கே இருக்கிறது. அதன் தென்கிழக்கு மூலை வீட்டுச் சுவரை ஒட்டி வரும். உங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் பாதையில் இருக்கிறது. ஆனியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்றை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. வீட்டை ஒட்டி விறகடுப்பு வைத்தால் ஆடி மாதம் முழுக்கப் புகை சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வரும். வாஸ்து பார்க்கிறவர்களே அக்னி மூலை அமையாதபோது அடுப்படிக்கு வாயு மூலையை ஏற்கிறார்கள். வடமேற்கில் கட்டுங்கள். வேலியிலிருந்து 5 அடி விட்டு, வீட்டுச் சுவரிலிருந்து 10 அடி தள்ளி அமைந்தால், தென்மேற்கிலிருந்து வரும் காற்று புகையை வீட்டின் வடபுறமாக வெளியே கொண்டுபோகும். பின்கதவிலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். அதற்கு 3 அடி அகலத்தில் கல் பாவிய நடைபாதை போட்டுக்கொள்ளுங்கள். சேறு மிதிக்காமல் போய்வரலாம்.

கிழக்குப் பார்த்துச் சமைப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் அடுப்பின் வாய் மேற்கே, காற்றுக்கு எதிரே இருக்கும். திறந்தபடி விட்டால் விறகு கபகபவென்று எரிந்து தீரும், பொறி பறக்கும், கேஸ் அடுப்பின் சுடரும் சாய்ந்து பாத்திரத்தைத் தொடாமல் போகும். எனவே மேற்குப் பக்கம் 10 அடி நீளம், 5 அடி உயரத்துக்கு ஒரு 9 அங்குலச் சுவர் தேவை. 9 அங்குலச் சுவருக்குச் சதுர அடிக்கு ஏறக்குறைய 10 செங்கல். 50 சதுர அடிக்கு 500. அதன் அடித்தளம், மேடைத் தாங்கு சுவர்கள், அடுப்பு மேடை எல்லாம் சேர்த்து ஆயிரம் செங்கல் வாங்கினால் மொத்த வேலையும் முடியும். மூன்று பக்கம் திறந்திருப்பதால் வெளிச்சத்துக்கோ காற்றுக்கோ குறை வராது.

பணத்தை எங்கே குறைக்கக் கூடாது என்று கேட்டீர்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில். தளத்துக்கு அடியில் போகிற குழாய், தளத்தின் வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு), தூண்களின் கால், மின்கம்பி. மேடைக் கல்லை ஐந்து வருடம் கழித்தும் மாற்றலாம். தளத்துக்குக் கீழே புதைத்த குழாயை மாற்ற வேண்டுமானால் தளத்தையே உடைக்க வேண்டும்.

வடிகாலை முதலில் முடிவு செய்யுங்கள். கழிவுநீர்க் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி சரிவு கொடுப்பது நல்ல வழக்கம். பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து தண்ணீர் போய்ச் சேர வேண்டிய இடம் 25 அடி தூரம் என்றால், ஏழரை அங்குலம் இறங்க வேண்டும். அந்த இறக்கம் இருக்கிறதா என்று கொத்தனாரிடம் தண்ணீர்க் குழாய் மட்டம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தளத்தை உயர்த்த வேண்டும், மண் நிரப்ப வேண்டும், செலவு கூடும். இது முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்தாக வேண்டிய விஷயம்.

மீன் கழுவிய நீர், எண்ணெய்ப் பிசுக்கு, சோற்றுப் பருக்கை எல்லாம் போகிற குழாய் இது. கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலேயே 2 அடிக்கு ஒன்றரை அடி அளவில் ஒரு செங்கல் தொட்டி கட்டி, நடுவில் ஒரு தடுப்புக் கல் வையுங்கள். தடுப்பு அடிவரை போகக் கூடாது. தண்ணீர் அதன் கீழே நுழைந்து மறுபக்கம் ஏறி வெளியேற வேண்டும். பிசுக்கு மேலே மிதந்து இந்தப் பக்கமே தங்கிவிடும். வாரம் ஒரு முறை மூடியைத் திறந்து அள்ளி எறிந்தால் போதும். செலவு மிகச் சிறிது. இது இல்லாத இடங்களில் இரண்டு வருடத்தில் குழாய் அடைத்து நாறுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து வெளிவரும் நீரை வாழைக்கு விடலாம். தோப்பில் கிணறு இருந்தால் அதன் பக்கம் விட வேண்டாம்.

தளம் 4 அங்குலக் கனம். 150 சதுர அடிக்கு 50 கன அடி கான்கிரீட். சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு மூன்றுக்கு ஆறு என்ற கலவையில் இதற்கு 6 மூட்டை சிமெண்ட்டுக்குச் சற்று மேல், ஜல்லி ஏறக்குறைய அரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), எம்-சாண்ட் கால் யூனிட். இவ்வளவுதான். யாராவது தளத்துக்கு மட்டும் 20 மூட்டை என்றால் கணக்குக் கேளுங்கள். அடியில் கரிசல் மண்ணாக இருந்தால் ஓர் அடி தோண்டி எடுத்துவிட்டு கிராவல் போட்டு இடிக்க வேண்டும். கரிசல் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும், மேலே போட்ட தளத்தையும் சேர்த்து வெடிக்க வைக்கும்.

வாட்டம் 5 அடிக்கு ஓர் அங்குலம், வீட்டைவிட்டு விலகி மேற்கு நோக்கி. காற்றுச் சுவரின் அடியில் தண்ணீர் போக இரண்டு துளைகள் விடச் சொல்லுங்கள். கான்கிரீட் போட்டு ஒரு வாரமாவது நீராற்றிய பிறகு, தரைக்கல் ஒட்டும் முன், நீங்களே ஒரு வாளித் தண்ணீரை ஒவ்வொரு மூலையிலும் ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கே சாக்கட்டியால் வட்டம் போடுங்கள். அந்த வட்டங்களைச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போக விடாதீர்கள். சொரசொரப்பான தரைக்கல்லே போதும், வழவழப்பு வேண்டாம். எண்ணெயும் தண்ணீரும் சேர்கிற இடத்தில் வழவழப்புத் தரை எலும்பை முறிக்கும்.

கழுவுகிற இடத்தை இரண்டாகப் பிரியுங்கள். மேடையில் ஒரு தொட்டி, காய்க்கும் அரிசிக்கும். தரை மட்டத்தில் 4 அடிக்கு 3 அடி அளவில், சுற்றிலும் சிறு கரை கட்டிய ஒரு கழுவுமிடம், பெரிய பாத்திரத்துக்கும் மீனுக்கும். அதற்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் ஒரு குழாய். பெரிய குண்டானைத் தூக்கித் தொட்டியில் வைத்துக் கழுவ முடியாது. அதை உருட்டிக் கழுவ ஓர் இடம் வேண்டும். இதைக் கட்டாமல் விட்ட வெளி அடுப்படிகளில், விருந்து முடிந்ததும் பாத்திரங்கள் எல்லாம் வேலியோரம் மண்ணில்தான் கிடக்கும்.

இப்போது விறகடுப்பு. உங்கள் மாமியாரின் விருப்பத்தைச் சலுகை என்று நினைக்க வேண்டாம். தோப்பு வைத்திருக்கிறீர்கள். மட்டை, பாளை, கொட்டாங்குச்சி எல்லாம் சும்மா கிடக்கிறது. வெந்நீருக்கும் பெரிய சமையலுக்கும் அது போதும், கேஸ் மிச்சம். ஆனால் புகையை ஒழுங்குபடுத்தியே ஆக வேண்டும். சமையல் எரிபொருளால் வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசு 2020இல் மட்டும் 32 லட்சம் பேரின் மரணத்துக்குக் காரணமாக இருந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. திறந்த கொட்டகைதானே, புகை தானாகப் போய்விடும் என்று விடக் கூடாது. அடுப்பின் முன் உட்கார்ந்திருக்கிறவர் முகத்துக்கு நேராகத்தான் அது முதலில் வருகிறது.

1980களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அஸ்த்ரா குழுவினர் கிராமத்து அடுப்பை எடுத்து ஆராய்ந்து ஒரு மூன்று பாத்திர அடுப்பை உருவாக்கினார்கள். விறகுக்கு அடியில் காற்றுப் போக ஒரு சல்லடைத் தட்டு, பாத்திரம் இடைவெளியில்லாமல் பொருந்தி உட்காரும் வாய், கடைசியில் ஒரு புகைபோக்கி. இவைதான் அதன் சாரம். உங்கள் ஊர்க் கொடியடுப்பும் ஏறக்குறைய இதே எண்ணம்தான். முன் அடுப்பில் எரிகிற தீயின் சூடு பின் அடுப்புக்குப் போகிறது. அதோடு சல்லடைத் தட்டையும் புகைபோக்கியையும் சேர்த்துவிட்டால் விறகும் குறையும், கண்ணும் எரியாது.

தீ படும் உட்புறத்தைச் சிமெண்டால் பூசக் கூடாது. சிமெண்ட் கெட்டிப்படுவது தண்ணீரைத் தன்னுள் பிணைத்துக்கொண்டுதான். தீயின் சூடு அந்த நீரை விரட்டிவிடும். பிறகு பூச்சு பொரிந்து உதிரும். உட்புறம் நல்ல சூளைச் செங்கல், இணைப்புக்குக் களிமண்ணும் மணலும். மேல்பூச்சுக்குப் புற்றுமண், உமி, சாணம். இதை உங்கள் மாமியாரே கொத்தனாருக்குச் சொல்லிக் கொடுப்பார், அவர் சொல்வதைக் கேட்கச் சொல்லுங்கள். பூசிய பிறகு இரண்டு மூன்று வாரம் நிழலில் காய வேண்டும். முதல் சில நாள் சிறு தீ மட்டும். அவசரப்பட்டுப் பெரிய தீ போட்டால் ஈரம் ஆவியாகி மண்ணைப் பிளக்கும்.

புகைபோக்கி 6 அங்குலத் தகரக் குழாய், வளைவு இல்லாமல் நேராக, கூரையின் உச்சிக்கு மேல் 2 அடி. தலையில் ஒரு தொப்பி, மழையும் ஆடிக்காற்றும் உள்ளே புகாமலிருக்க. அடியில் கைவிட்டுக் கரி எடுக்க ஒரு சிறிய கதவு. தென்னை மட்டையின் கரி சீக்கிரம் சேரும். கூரையைத் துளைக்கிற இடத்தில் குழாய் மரத்தைத் தொடக் கூடாது, சுற்றிலும் தகரக் காப்பு வேண்டும்.

கூரைக்குக் கீற்று வேண்டாம். விறகுத் தீயும் கீற்றும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. கல்நார் ஷீட்டும் வேண்டாம். நாருக்கும் நுரையீரலுக்கும் உள்ள பகை ஒரு பக்கம், அடியில் சூடு ஏறினால் வெடித்துத் தெறிக்கும் என்பது இன்னொரு பக்கம். ஓடு குளிர்ச்சி, அழகு, ஆனால் விலை கூடுதல். மேலும் தென்னை மரம் கூரைக்கு மேலே சாய்ந்திருந்தால் ஒரு காய் விழுந்தாலே இரண்டு ஓடு போகும். உங்கள் இடத்துக்கு இரும்புச் சட்டத்தின்மேல் வர்ணம் பூசிய தகர ஷீட் போதும் என்பது என் கருத்து. வெப்பம் தெரியாமலிருக்க உயரமாகப் போடுங்கள், தாழ்ந்த பக்கம் 9 அடி, உயர்ந்த பக்கம் 11. திறந்த கொட்டகையில் காற்று கீழே நுழைந்து கூரையை மேலே தூக்கும். சுவர் உள்ள கட்டடத்தைவிட இதற்குப் பிடிமானம் அதிகம் வேண்டும். தூண்களைத் தளத்தின்மேல் திருகி நிறுத்துவது போதாது. 2 அடிக் குழியில் கான்கிரீட்டுக்குள் இறக்க வேண்டும்.

மின்சாரத்தில் ஒரே ஒரு விஷயத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டு மின்பலகையிலிருந்து தனி இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் (RCCB), முறையான எர்த். ஈரக்கையோடு மிக்சியைத் தொடப் போகிற இடம் இது. சுவிட்சுகள் மழை புகாத மூடியுடன், மேடைத் தொட்டியிலிருந்து 4 அடியாவது தள்ளி இருக்கட்டும். விளக்கைச் சமைப்பவருக்கு முன்னால் தொங்க விடுங்கள். முதுகுக்குப் பின்னால் இருந்தால் நறுக்குகிற கையிலேயே நிழல் விழும். மஞ்சள் ஒளி விளக்கு போட்டால் மழைக்காலத்தில் பூச்சி குறையும்.

கேஸுக்குக் குழாய் இழுத்துச் செலவு செய்ய வேண்டாம். 5 கிலோ சிறு சிலிண்டரும் இரண்டு பர்னர் அடுப்பும் உங்கள் தேவைக்குப் போதும். சிலிண்டர் தரையில், நிழலில், நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். ஆகவே குழிக்குள்ளோ மூடிய அலமாரிக்குள்ளோ வைக்காதீர்கள், விறகடுப்பின் பக்கத்திலும் வேண்டாம். மேடையின் இரு கோடிகளில் இரண்டும் இருக்கட்டும்.

மேடைக்குக் கடப்பா கல் மலிவு என்று சொல்வார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டில் கடப்பா மேடையைப் பார்த்தேன். எலுமிச்சை பிழிந்து வைத்த இடமெல்லாம் வெள்ளை வட்டம், புளி கரைத்த கிண்ணத்தின் விளிம்பு அப்படியே பதிந்திருந்தது. அந்த அம்மாள் தினமும் தேய்க்கிறார், கறை போகவில்லை. அது கறை இல்லை, அரிப்பு. கடப்பா சுண்ணாம்புக் கல், புளிப்புப் பட்டால் கரையும். அலமாரித் தட்டுக்கு அது போதும், மேலே கிரானைட்தான் சரி. 12 அடி நீளம், 2 அடி அகலம், 24 சதுர அடி. விலை சிறியது என்று தோன்றும். ஆனால் விளிம்பு உருட்டவும், தொட்டிக்குத் துளை வெட்டவும் கடையில் அடிக்கணக்கில் தனியாக வாங்குவார்கள். மதிப்பீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். விறகடுப்பின் ஓரம் வரை கிரானைட்டைக் கொண்டுபோக வேண்டாம். ஒரே இடத்தில் சூடு ஏறினால் அதுவும் விரியும். மரப் பலகைக் கதவுகளும் மாடுலர் அலமாரிகளும் இங்கே வீண். ஈரத்தில் ஊதும், எலி குடியேறும். கீழே திறந்த கல் தட்டு போதும்.

மகனின் பீட்சா அடுப்புக்கு வருவோம். செங்கல் குவிமாட அடுப்பு முழுச் சூடு ஏற இரண்டு மணி நேரமாவது விறகு எரிய வேண்டும். வருடத்தில் இரண்டு வாரம் வருகிறவருக்காக இப்போது அதைக் கட்ட வேண்டாம். தளம் போடும்போதே ஒரு மூலையில் 4 அடிக்கு 4 அடி இடத்தில் கனத்தை 6 அங்குலமாக்கி விடுங்கள். கூடுதலாக ஒரு மூட்டைக்குள் சிமெண்ட் ஆகும். பிறகு அவரே தன் செலவில் கட்டிக்கொள்ளட்டும். பார்பிக்யூவுக்கு ஒரு சிறிய இரும்புப் பெட்டி அடுப்பு வாங்கினால் போதும், வேலை முடிந்ததும் எடுத்து வைத்துவிடலாம்.

உங்கள் பகுதி விலையை வைத்து நான் போட்ட தோராயக் கணக்கு இது. தகரக் கூரையும் தூண்களும் 75,000. அடித்தளம், தளம், சுவர், மேடை, பூச்சு எல்லாம் பொருளும் கூலியுமாக 65,000. தண்ணீர், வடிகால், கழுவுமிடம் 30,000. கிரானைட், எவர்சில்வர் தொட்டி, குழாய்கள் 30,000. மின்சாரம் 20,000. தரைக்கல்லும் நடைபாதையும் 20,000. விறகடுப்பும் புகைபோக்கியும் 20,000. மொத்தம் 2,60,000. மீதி 40,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள், ஒப்பந்தக்காரரிடம் சொல்லவும் வேண்டாம். கரிசல் மண் வந்தாலோ தளத்தை உயர்த்த வேண்டி வந்தாலோ அது கைகொடுக்கும். ஓடு வேண்டும் என்று மனம் கேட்டால் கூரைச் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டும். அந்த 40,000 அதிலேயே கரைந்துவிடும். ஓட்டை விடுங்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிமெண்ட் வரி குறைந்ததே என்று சிலர் சொல்வார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது உண்மை. உங்கள் வேலைக்கு மொத்தம் 25 மூட்டைதான் ஆகும். மூட்டைக்கு 25, 30 ரூபாய் குறைந்தாலும் மிச்சம் 700 ரூபாய் அளவுதான். பேரம் பேச வேண்டிய இடம் கூரையும் கூலியும்.

வேலையைத் தை மாதம் ஆரம்பியுங்கள். கான்கிரீட்டுக்கும் மண் அடுப்புக்கும் காய நாள் கிடைக்கும், ஆனிக் காற்றுக்கு முன் கூரை நிலைத்துவிடும். முன்பணம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தளம் முடிந்ததும் ஒரு பகுதி, கூரை ஏறியதும் ஒரு பகுதி. கடைசிப் பத்து சதவீதத்தை ஒரு நல்ல மழை பெய்து, கூரை ஒழுகாமல், தளத்தில் தண்ணீர் தேங்காமல் இருப்பதைப் பார்த்த பிறகு கொடுங்கள். இதை முதலிலேயே எழுதி இருவரும் கையெழுத்திட்டால் பிறகு மனக்கசப்பு வராது.

நிலையான கூரை போடுவதால், பின்புறம் காலியாக விட வேண்டிய இடம் எவ்வளவு என்று ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்கிற அளவு நான் சொன்ன 5 அடியைவிட அதிகமாக இருந்தால் தளத்தைக் கிழக்கே நகர்த்துங்கள், ஆனால் வீட்டுச் சுவரிலிருந்து 7 அடிக்குக் குறையாமல்.